தரையா, மேட்டுப்பாத்தியா, தொட்டியா: முதல் கேரட்டை எதில் விதைப்பது?

நான் முதன்முதலில் பிடுங்கிய கேரட்டுக்கு மூன்று கால்கள். இரண்டு ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. மூன்றாவது ஒரு கூழாங்கல்லைக் கட்டிப்பிடித்தபடி பக்கவாட்டில் வளைந்து போயிருந்தது. அந்தக் கல்லைப் பிரித்தெடுக்கவே கத்தி வேண்டியிருந்தது. மேலே இலை மட்டும் முழங்கால் உயரத்துக்கு அப்படி ஒரு செழிப்பு. அந்த இலையைப் பார்த்துப் பார்த்துத்தான் இரண்டரை மாதம் ஏமாந்திருந்தேன்.

தக்காளியும் மிளகாயும் புதியவரை மன்னிக்கும். இடம் சரியில்லை என்றால் நாற்றைப் பிடுங்கி வேறு இடத்தில் நடலாம், உரம் குறைந்தது தெரிந்தால் பிறகு வைக்கலாம். கேரட்டில் அந்த வசதி கிடையாது. நாம் தின்பது அதன் ஆணிவேர். முளைத்த முதல் மூன்று வாரத்துக்குள் அந்த வேர் வெள்ளை நூல் மாதிரி நேரே கீழே இறங்கிவிடும். கேரட் எவ்வளவு நீளம், நேராக இருக்குமா கவட்டையாகப் பிரியுமா என்பதெல்லாம் பெரும்பாலும் அப்போதே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பது அந்த நூல் பருப்பதுதான்.

அதனால் எதில் விதைப்பது, எந்த ரகம், எந்த முறையில் என்ற மூன்று முடிவுகளையும் விதைப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். நான் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இரண்டே அளவுகோல்கள்தான் வைத்துக்கொள்வேன். ஒன்று, அந்த நூல் முட்டாமல் இறங்க வழி இருக்கிறதா? இரண்டு, விதை முளைக்கும்வரை மேல்மண் ஒருநாள்கூடக் காயாமல் என்னால் பார்த்துக்கொள்ள முடியுமா? விளைச்சல், அழகு, செலவு எல்லாம் அதற்கப்புறம்.

பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தவறினால் மற்ற எதைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை. மண் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்தால் விதை ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். 10 டிகிரியில் இரண்டரை வாரம் ஆகலாம். 35 டிகிரியைத் தாண்டினால் ஏறத்தாழ முளைக்கவே முளைக்காது. வேர் பருக்கும் காலத்தில் அதற்குப் பிடித்தது 15 முதல் 20 டிகிரி வரையிலான குளிர்ச்சி. தொடர்ந்து 30 டிகிரிக்கு மேல் அடித்தால் கேரட் குட்டையாகி, நிறம் வெளுத்து, ஒருவிதக் கசப்பு ஏறிவிடும். எனவே உங்கள் பகுதியில் வரப்போகும் மூன்று மாதங்களில் வெயில் தணிந்திருக்குமா என்று முதலில் பாருங்கள்.

தரையில் விதைப்பது

நிலம் இருப்பவருக்கு இது இயல்பாகத் தோன்றும் வழி. நல்ல மண் அமைந்துவிட்டால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. தரை மண் சட்டென்று காயாது, சட்டென்று சூடேறாது. வேரும் சல்லிவேரும் எவ்வளவு ஆழமும் போகலாம், ஒருநாள் தண்ணீர் மறந்தாலும் செடி சமாளித்துக்கொள்ளும்.

ஆனால் ‘நல்ல மண்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேரட்டுக்கு வேண்டியது மணல் கலந்த, பொலபொலவென்ற, கல் இல்லாத மண். கார அமிலத்தன்மை (pH) 6 முதல் 6.8 வரை. சோதித்துப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. முதல் நாள் தண்ணீர் விட்டு ஊறவைத்த இடத்தில் மறுநாள் ஒரு நீளமான திருப்புளியைக் கையால் அழுத்துங்கள். ஒரு சாண் ஆழத்துக்கு மேல் சிரமமில்லாமல் இறங்கினால் கேரட்டும் இறங்கும். நான்கு விரற்கடையில் நின்றுவிட்டால் கேரட்டும் அங்கேதான் நிற்கும். பிறகு ஒரு பிடி ஈரமண்ணை உருண்டை பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் நல்லது. பிசைந்த மாவு போல ஒட்டிக்கொண்டு பளபளத்தால் அது களிமண்.

களிமண் தரையில் இன்னொரு தொல்லை, மேலே ஓடு கட்டுவது. தண்ணீர் ஊற்றி வெயில் பட்டதும் மேல்மண் இறுகிவிடும். கேரட் முளைக்கு அந்த ஓட்டைப் பிளக்கும் வலு கிடையாது. கொஞ்சம் மணலைக் கொட்டிக் கலந்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். கொஞ்சம் மணலும் களிமண்ணும் சேர்ந்தால் பல நேரங்களில் இன்னும் இறுக்கமாகத்தான் ஆகிறது. மக்கிய உரத்தை வருடக்கணக்கில் சேர்த்துச் சேர்த்துத்தான் களிமண்ணைப் பழக்க முடியும். முதல் கேரட்டுக்கு யாரும் அத்தனை காலம் காத்திருக்க மாட்டார்கள்.

இலகுவான மண்ணாக இருந்து, சூடான பகுதியாகவும் இருந்தால், நூற்புழு, அதாவது வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழு, இருக்க வாய்ப்புண்டு. வேரில் முடிச்சு முடிச்சாக வந்து கேரட் கிளை பிரிந்தால், கல்லே இல்லாத மண்ணாக இருந்தாலும், சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். கூடவே களை. கேரட் இலை மெல்லியது, நிழல் கொடுக்காது, வளரும் வேகமும் குறைவு. முதல் ஒரு மாதம் களைதான் ஜெயிக்கும்.

திருப்புளி இறங்கினால் தரை. இறங்காவிட்டால் தரையோடு மல்லுக்கட்டாதீர்கள்.

மேட்டுப்பாத்தி

தரை சரியில்லை, இடம் இருக்கிறது என்பவருக்கான நடுவழி இது. பலகையோ செங்கல்லோ வைத்து 25 முதல் 30 செ.மீ. உயரம் எழுப்பி, நல்ல மண்கலவையை நிரப்புவது. தண்ணீர் தேங்காது, யாரும் மிதிக்காததால் மண் இறுகாது. கீழே இருக்கும் தரையையும் ஒரு தடவை கொத்திவிட்டால் ஆழம் இன்னும் கூடும்.

தயங்கவைப்பது மண்ணின் அளவு. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தியை 25 செ.மீ. நிரப்ப 250 லிட்டர் கலவை வேண்டும். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. மூட்டை மூட்டையாகத் தூக்கிவந்து கொட்டும்போதுதான் தெரியும். கேரட் பிடிக்குமா, தோட்டமே தனக்குப் பிடிக்குமா என்று இன்னும் தெரியாத ஒருவர் முதல் பருவத்திலேயே இதில் இறங்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். இரண்டாவது பருவத்தில் தாராளமாகச் செய்யலாம்.

தொட்டியும் குரோ பேக்கும்

தொட்டியைப் பலர் இடமில்லாதவர்களின் சமாதானமாகப் பார்க்கிறார்கள். கேரட்டைப் பொறுத்தவரை அது தப்பு. மற்ற காய்கறிகளுக்குத் தொட்டி ஒரு கட்டுப்பாடு. கேரட்டுக்கோ முதல் அளவுகோலை முழுதாக நம் கையில் கொடுத்துவிடும் வழி அது. கல் இல்லை, இறுக்கம் இல்லை, நூற்புழு இல்லை, களை ஏறத்தாழ இல்லை. ஒவ்வொரு பிடி மண்ணும் நீங்கள் கலந்து போட்டது.

ஆழம்தான் முக்கியம். 30 செ.மீ. ஆழம் இருந்தால் பெரும்பாலான ரகங்களுக்குப் போதும். குறுகிய உயரத் தொட்டியைவிட அகலமானது நல்லது, ஏனென்றால் கேரட் எண்ணிக்கை மேற்பரப்பைப் பொறுத்தது. 30 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பையில், ஒரு கேரட்டுக்கு ஐந்துக்கு ஐந்து செ.மீ. இடம் என்று வைத்தால், இருபத்தைந்து வளர்க்கலாம். அதை நிரப்ப 20 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கலவை போதும். மேட்டுப்பாத்தியின் 250 லிட்டரோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 60க்கு 30 செ.மீ. செவ்வகப் பெட்டி கிடைத்தால் எழுபது கேரட்வரை போகலாம். அடியில் துளைகள் இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கலவைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) இரண்டு பங்கு, நன்கு மக்கிய உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு. கோகோபீட்டை முன்பே ஊறவைத்துப் பிழிந்து உப்பை எடுத்துவிட வேண்டும். உரத்தைச் சல்லடையில் சலித்துப் போடுங்கள். கேரட்டுக்குக் கட்டியும் குச்சியும் கல்லும் ஒன்றுதான். சரியாக மக்காத சாணம் வேண்டவே வேண்டாம், அதில் வேர் கிளை பிரியும். தழைச்சத்து கூடினால் என் முதல் கேரட் மாதிரி இலை கொழித்து, வேரில் மயிர் மயிராகச் சல்லிவேர் வரும்.

சரி, தொட்டிக்குக் குறை இல்லையா? இரண்டாவது அளவுகோலில் அது தோற்கும். காற்று நாலா பக்கமும் படுவதால் சீக்கிரம் காய்கிறது. கறுப்புப் பையாக இருந்து நேர் வெயிலில் நின்றால் பக்கச்சுவரை ஒட்டிய மண் தொட முடியாத அளவு சூடாகும். தினமும் பார்க்க முடியாதவர், வாரக்கணக்கில் வெளியூர் போகிறவர் தொட்டியில் கேரட் போட்டால் பாதி முளைக்காது, முளைத்து வளர்ந்தவையும் வெடிக்கும். காய்ந்து கிடந்த மண்ணில் திடீரென்று நிறையத் தண்ணீர் ஊற்றினால் உள்சதை வேகமாகப் பருத்து, தோல் ஈடுகொடுக்க முடியாமல் நீளவாக்கில் பிளந்துகொள்ளும்.

இதெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்க முடிகிற புதியவருக்கு என் ஓட்டு தொட்டிக்குத்தான். தண்ணீரில் செய்த தப்பு அன்றே கண்ணில் படும், திருத்தலாம். மண்ணில் செய்த தப்பு பிடுங்கும் நாளில்தான் தெரியும்.

எந்த ரகம்

கேரட் என்றதும் மனதில் வரும் அந்த நீளமான, ஊசி முனைக் கேரட் பெரும்பாலும் இம்பரேட்டர் வகை. 20 முதல் 25 செ.மீ. வளரும். ஆழமான மணற்பாங்கான வயல்களில் இயந்திரம் வைத்து விளைவிக்கத் தோதானது. வீட்டில் முதல் முயற்சிக்கு அதை எடுக்காதீர்கள். அடியில் கொஞ்சம் தடை இருந்தாலும் வளையும், எடுக்கும்போது ஒடியும், நாளும் அதிகம் பிடிக்கும். (பையில் அடைத்து வரும், ஒரே அளவிலான குட்டிக் கேரட்டும் பெரும்பாலும் தனி ரகம் இல்லை. நீளமான கேரட்டை வெட்டித் தேய்த்தது. அந்த விதையைத் தேடி அலைய வேண்டாம்.)

போட்டி உண்மையில் நான்டீஸுக்கும் ஷான்டனேவுக்கும் இடையில்தான். இரண்டு பெயரும் பிரான்சில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஷான்டனே 1908இல் நான்ட் நகரத்தோடு இணைந்தேவிட்டது. ஆனால் கேரட்டுகள் இரண்டும் குணத்தில் வேறு. நான்டீஸ் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனில் உருளை போல இருக்கும், முனை மழுங்கியது, 15 முதல் 18 செ.மீ. நீளம். நடுத்தண்டு மெல்லியது, சாறு அதிகம், இனிப்பு அதிகம். பச்சையாகக் கடித்துத் தின்ன இதைவிட நல்லது இல்லை. மென்மையானது என்பதால் நீண்ட நாள் வைத்திருக்க அவ்வளவு ஏற்றதல்ல, மண் இறுக்கமாக இருந்தாலும் முகத்தைக் காட்டிவிடும்.

ஷான்டனே பம்பரம் மாதிரி. தோள் அகலம், கீழே போகப்போகக் கூம்பும், நீளம் 12 முதல் 15 செ.மீ. சற்றுக் கனமான மண்ணிலும் தோளால் முட்டித் தள்ளி இடம் பிடித்துக்கொள்ளும். எடுக்கும்போது ஒடியாது. ரொம்ப நாள் மண்ணிலேயே விட்டுவிட்டால் நடுப்பகுதி கட்டையாகிவிடும், அதுதான் அதன் பலவீனம். இரண்டுமே 65 முதல் 75 நாளில் தயாராகும்.

என்னைக் கேட்டால் தொட்டிக்கு நான்டீஸ், திருப்புளி பாதியில் நின்ற தரைக்கு ஷான்டனே. வெயில் முழுதாகத் தணியாத பகுதி என்றால் ஜப்பானிலிருந்து வந்த குரோடா. அது ஷான்டனேவின் சாயல், சூட்டை மற்றவற்றைவிடத் தாங்கும். இனிப்பில் நான்டீஸை எட்டாது, ஆனால் கசந்துபோன நான்டீஸைவிட எவ்வளவோ மேல்.

டான்வர்ஸ் என்று இன்னொன்று, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அதே பெயருள்ள ஊரில் உருவானது. எல்லா மண்ணிலும் சுமாராக வரும், நார் கொஞ்சம் கூடுதல். 15 செ.மீ. ஆழத் தொட்டிதான் இருக்கிறது என்றால் பாரிஸ் மார்க்கெட் என்ற உருண்டைக் கேரட். எலுமிச்சை அளவில், கோலிக்குண்டு போல உருண்டையாக வரும், 50 முதல் 60 நாளில் எடுக்கலாம். குழந்தைகளுக்குப் பிடுங்கக் கொடுக்க அருமையான ரகம். தோல் சீவுவதுதான் பெரிய வேலை.

எப்படி விதைப்பது

முதலில் இரண்டு வழிகளைத் தள்ளிவிடுகிறேன். கேரட்டின் தலையை வெட்டித் தண்ணீரில் வைத்தால் துளிர்க்கும். அழகாகத்தான் இருக்கும். அதிலிருந்து இலை வரும், பூ வரும், விதைகூட வரும், புதிய கேரட் ஒருநாளும் வராது. வெட்டிய ஆணிவேர் மறுபடி வளராது. இரண்டாவது, குழித்தட்டில் நாற்று விட்டு எடுத்து நடுவது. பிடுங்கும்போது வேர் நுனி மடங்கினாலோ அறுந்தாலோ கவட்டைக் கேரட் நிச்சயம். உருண்டை ரகத்துக்கு மட்டும் இது ஓரளவு நடக்கும்.

மிச்சம் இருப்பது நேரடி விதைப்பு, அதில் மூன்று பாணி. மணலோடு கலந்து தூவுவது பழைய வழி. ஒரு கிராமில் ஏறத்தாழ எண்ணூறு விதை இருக்கும் என்றால் அது எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினால் பாதி ஒரே இடத்தில் விழும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு காய்ந்த மணல் கலந்தால் ஓரளவு பரவும். மலிவு, விரைவு. ஆனால் பிறகு கலைப்பு வேலை, அதாவது நெருக்கமாக முளைத்த செடிகளைக் குறைக்கும் வேலை, அதிகம்.

களிமண் பூச்சிட்ட உருண்டை விதை கையால் ஒவ்வொன்றாக வைக்கத் தோதானது. அதில் ஒரு சிக்கல் உண்டு. பூச்சு கரைய நிறைய ஈரம் வேண்டும், பாதி ஊறியபின் காய்ந்துவிட்டால் அது இறுகி விதையை உள்ளேயே பூட்டிவிடும். எடுத்துவைத்து மறு வருடம் பயன்படுத்தவும் நம்ப முடியாது. சாதாரண விதை மூன்று வருடம்வரை தாங்கும்.

எனக்குப் பிடித்தது காகித நாடா. டிஷ்யூ காகிதத்தை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்து, கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசையை ஐந்து செ.மீ.க்கு ஒரு பொட்டாக வைத்து, ஒவ்வொரு பொட்டிலும் பல்குத்தும் குச்சியின் நுனியால் இரண்டிரண்டு விதை ஒட்டுவது. நூறு விதையில் இருபது முப்பது முளைக்காமல் போவது சாதாரணம், அதனால்தான் இரண்டு. காய்ந்ததும் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். விதைக்கும் நாளில் நாடாவை மண்மேல் விரித்து ஒரு செ.மீ.க்கு மேல் போகாமல் மண் தூவினால் முடிந்தது. ஒரு மாலை நேரம் போகும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. அதைச் செய்யாவிட்டால் மூன்று வாரம் கழித்துத் தொட்டிமேல் குனிந்து செய்ய வேண்டியிருக்கும்.

எந்த முறையானாலும் அடுத்த பத்து நாள் ஒன்றுதான்: மேல்மண் காயக்கூடாது. குவளையால் ஊற்றினால் விதையெல்லாம் அடித்துக்கொண்டு ஒரு மூலையில் சேரும். எனக்கு ஒரு தடவை தொட்டி முழுக்க வெறிச்சோடிக் கிடக்க, ஒரே மூலையில் மட்டும் புல்தரை மாதிரி முளைத்தது. பூவாளி அல்லது தெளிப்பான்தான் சரி. மேலே ஈரச்சாக்கு போட்டு மூடினால் பாதி வேலை மிச்சம். ஆனால் ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். இரண்டு நாள் பார்க்காமல் விட்ட ஒரு சமயம், வெளிறிய முளைகள் சாக்கின் இழைகளுக்குள் நுழைந்திருந்தன. சாக்கை எடுத்தபோது கூடவே வந்துவிட்டன.

முதலில் வரும் இரண்டு இலைகள் கேரட் இலை மாதிரி இருக்காது. மெல்லியதாக, நீளமாக, புல் மாதிரி இருக்கும். களை என்று பிடுங்கிவிடாதீர்கள். அடுத்து வரும் இலைதான் கொத்தமல்லிச் சாயலில் பிளவுபட்டிருக்கும், இரண்டும் ஒரே குடும்பம்.

செடி ஐந்து செ.மீ. உயரம் வந்ததும் கலைக்க வேண்டும். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேர் அசையும். கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் நறுக்குவது நல்லது. கேரட் ஈ (இதன் புழு கேரட்டைத் துளைக்கும்) இருக்கும் பகுதிகளில் நசுங்கிய இலையின் வாசனைதான் அதை இழுத்து வரும். மாலையில் நறுக்கி, தழையை அப்போதே அகற்றிவிடுங்கள். அந்த ஈ தாழப் பறப்பது. சுற்றிலும் 60 செ.மீ. உயரத் துணித்தடுப்பு இருந்தால் பெரும்பாலும் தாண்டாது. தொட்டியைத் திண்ணை உயரத்தில் தூக்கி வைக்க முடிவது இங்கே இன்னொரு வசதி.

வளரும் காலத்தில் ஆறு மணி நேர வெயிலும் சீரான ஈரமும் போதும். தோள் மண்ணுக்கு மேலே தெரிந்தால் மண் அணைத்து மூடுங்கள். வெயில் பட்ட இடம் பச்சையாகிக் கசக்கும்.

பொட்டலத்தில் போட்ட நாள் வந்ததும் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிடுங்க வேண்டியதில்லை. காம்படி மண்ணை விரலால் விலக்கித் தோளைப் பாருங்கள். இரண்டு, இரண்டரை செ.மீ. இருந்தால் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கலாம். முதல் நாள் நனைத்துவிட்டு, மறுநாள் இலையை அடியோடு சேர்த்துப் பிடித்து லேசாகத் திருகி இழுத்தால் ஒடியாமல் வரும். வந்த கையோடு இலையைக் கிள்ளி எறிந்துவிடுங்கள். அழகாக இருக்கிறதே என்று விட்டுவைத்தால், வேரின் ஈரத்தையெல்லாம் இலை உறிஞ்சி மறுநாளே கேரட்டைத் துவளவைத்துவிடும்.